எழுத்துகளை விடுங்கள், சுண்டுவிரலைப் பாருங்கள்

விசைப்பலகையை மாற்றியமைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால், அடுத்த ஐந்தாவது நிமிடம் அவர் துவோராக்கா கோல்மாக்கா என்ற சண்டைக்குள் இறங்கியிருப்பார். 1936இல் காப்புரிமை பெற்ற துவோராக்கும் 2006இல் வந்த கோல்மாக்கும் மாற்று எழுத்தமைப்புகள்; வழக்கமான குவெர்ட்டி அமைப்பைவிட எழுத்துகளை நல்ல இடங்களில் வைக்கின்றன. அதில் தகராறு இல்லை. கோல்மாக்கில் 17 விசைகள்தான் இடம் மாறுகின்றன. இசட், எக்ஸ், சி, வி நான்கும் பழைய இடத்திலேயே இருப்பதால் வெட்டி ஒட்டும் பழக்கம்கூடக் கெடாது. ஆனாலும் முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள். எழுத்துகளை மாற்றினால் வாரக்கணக்கில் வேகம் படுத்துவிடும். அத்தனைக்குப் பிறகும், கை உண்மையில் நோகிற இடம் அப்படியே இருக்கும்.

நோவு எழுத்தல்லாத விசைகளில் இருக்கிறது. ஷிஃப்ட், கண்ட்ரோல், பேக்ஸ்பேஸ், எண்டர், டேப், எஸ்கேப் எல்லாம் பலகையின் ஓரங்களில் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு சுண்டுவிரல்களின் தலையில் விழுகின்றன. எழுத்து விசையைத் தட்டிவிட்டு விரல் உடனே எழுந்துவிடுகிறது. ஷிஃப்ட்டையும் கண்ட்ரோலையும் அப்படி விட முடியாது. சுண்டுவிரலை நீட்டி அழுத்திப் பிடித்தபடி மற்ற விரல்கள் வேலை செய்ய வேண்டும், மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைகிறது. கையிலேயே வலுவான கட்டைவிரல்களோ இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு ஸ்பேஸ் விசையைப் பார்த்துக்கொள்கின்றன. இந்தப் பங்கீட்டை மாற்றுவதுதான் இந்தப் பதிவின் விஷயம். ஏற்கெனவே கை மரத்துப்போகிறது, இரவில் வலியில் விழிப்பு வருகிறது என்றால் விசை மாற்றம் மருந்தாகாது, மருத்துவரைப் பாருங்கள்.

எதையும் மாற்றும் முன் ஒரு நாள் மட்டும் பக்கத்தில் தாளை வைத்துக்கொண்டு, கை நடுவரிசையை விட்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் எந்த விசைக்காக எழும்பியது என்று ஒரு கோடு போடுங்கள். கட்டுரை எழுதுகிறவருக்குப் பேக்ஸ்பேஸும் அம்புக்குறிகளும் முன்னால் நிற்கும். நிரல் எழுதுகிறவருக்கு அடைப்புக்குறிகளும் எஸ்கேப்பும். விசை எண்ணும் மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணுவதற்கு அவை எல்லா விசைகளையும் படிக்க வேண்டும், கடவுச்சொல்லும் அதில் அடக்கம்.

எந்த மட்டத்தில் மாற்றுவது

ஒரு விசையை அழுத்தினால் முதலில் பலகைக்குள் இருக்கும் சில்லு அதைக் கண்டுபிடித்து ஓர் எண்ணை அனுப்புகிறது. அதை இயங்குதளத்தின் டிரைவர் வாங்குகிறது. பிறகு, தேர்ந்தெடுத்திருக்கும் மொழித் தளவமைப்பு அந்த எண்ணை எழுத்தாக்குகிறது. கடைசியில்தான் அது நிரலுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தப் பாதையில் எங்கு வேண்டுமானாலும் குறுக்கிடலாம். எவ்வளவு கீழே குறுக்கிடுகிறோமோ அவ்வளவு நம்பகம். ஒரு விதிவிலக்கு உண்டு, தமிழ் தட்டச்சு பற்றிய பகுதியில் வருகிறது.

ஆகக் கீழே இருப்பது பலகையின் ஃபர்ம்வேர், அதாவது அந்தச் சில்லுக்குள் ஓடும் நிரல். கியூஎம்கே அல்லது இசட்எம்கே என்ற ஃபர்ம்வேர் ஓடும் பலகை உங்களிடம் இருந்தால் மாற்றம் பலகைக்குள்ளேயே தங்கும். எந்தக் கணினியில் செருகினாலும் வேலை செய்யும், இயங்குதளம் எழும் முன் வரும் பயாஸ் திரையிலும்கூட. கம்பியில்லாப் பலகைகளில் இசட்எம்கேயை அதிகம் காணலாம். சாதாரண மடிக்கணினிப் பலகையில் இந்த வழி இல்லை.

விண்டோஸில் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ஸ்கேன்கோட் மேப்’ என்ற ஒரு பைனரி மதிப்பு உண்டு. லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கீபோர்டு லேஅவுட் என்று இறங்கினால் அதற்கான இடம் வரும். முதல் எட்டு பைட்டும் பூஜ்யம். அடுத்த நான்கு பைட்டில் எண்ணிக்கை. பின்னர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு பைட்: முதலில் புதிய வேலை, அடுத்து பழைய விசை. கடைசியில் நான்கு பூஜ்ய பைட். பதினாறடிமானத்தில் கேப்ஸ் லாக்கின் எண் 3ஏ, இடது கண்ட்ரோலின் எண் 1டி. ஆகவே நடுவில் வருவது 1டி 00 3ஏ 00. எண்ணிக்கையில்தான் பலரும் சறுக்குகிறார்கள்: முடிவைக் குறிக்கும் பூஜ்ய வரியும் கணக்கில் சேரும். ஒரு மாற்றத்துக்கு 01 அல்ல, 02 00 00 00 என்று எழுத வேண்டும். கையால் எழுதத் தயக்கமாக இருந்தால் ஷார்ப்கீஸ் என்ற சிறு நிரல் இதே மதிப்பை உங்களுக்காக எழுதிவிடும். நிர்வாகி உரிமை தேவை, மறுதொடக்கமும் தேவை. இதன் அழகு, பின்னணியில் எதுவும் ஓட வேண்டியதில்லை என்பது; உள்நுழைவுத் திரையிலும் மாற்றம் இருக்கும். குறை, ஒரு விசைக்கு ஒரு வேலைதான் தர முடியும். செருகியிருக்கும் எல்லாப் பலகைகளுக்கும் அது ஒன்றாகவே பொருந்தும்.

மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள கீபோர்டு மேனேஜர் பார்க்க எளிது. குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் குறுக்குவிசை மாற்றவும் அது உதவும். ஆனால் அது ஓடிக்கொண்டிருந்தால்தான் மாற்றம் உண்டு. உள்நுழைவுத் திரையில் இருக்காது. நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரங்களில் வேலை செய்ய அதையும் நிர்வாகியாகவே ஓட்ட வேண்டும். கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட், விண்டோஸ்-எல் இரண்டையும் அதனால் தொட முடியாது.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ், மாடிஃபையர் கீஸ் என்று போனால் கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாகவோ எஸ்கேப்பாகவோ ஆக்கலாம். இந்த அமைப்பு ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி. வெளிப்பலகையைச் செருகியதும் மாற்றம் காணாமல் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள், மேலே உள்ள பட்டியலில் அந்தப் பலகையைத் தேர்ந்தெடுத்து மறுபடியும் அமைக்க வேண்டும். இதற்கு மேல் எது வேண்டுமென்றாலும் கராபைனர் எலிமென்ட்ஸ் என்ற நிரல்தான். நிறுவிய பிறகு டிரைவர் நீட்சிக்கும் உள்ளீட்டுக் கண்காணிப்புக்கும் அனுமதி கொடுக்காவிட்டால் அது சத்தமில்லாமல் சும்மா இருக்கும்.

லினக்ஸில் எக்ஸ்கேபி என்ற விசைப்பலகை அமைப்பின் விருப்பங்கள் இருக்கின்றன. கேப்ஸை எஸ்கேப்பாக்குவது, கண்ட்ரோலாக்குவது, இரண்டு ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் கேப்ஸ் லாக் ஆக்குவது எல்லாம் க்னோம் ட்வீக்ஸிலும் கேடிஈ அமைப்புகளிலும் வெறும் டிக் போடும் வேலை. பழைய கட்டுரைகள் சொல்லும் எக்ஸ்மாட்மேப்பை மறந்துவிடுங்கள். எக்ஸ் என்ற பழைய திரை அமைப்புக்கு மாற்றாக வந்த வேலண்ட் அமர்வில் அது எடுபடாது. தட்டினால் ஒன்று, பிடித்தால் வேறொன்று என்ற இரட்டை வேலைக்கு கீடி என்ற நிரல் நல்ல தேர்வு. அது கெர்னலிலிருந்து வரும் விசைகளை வாங்கித் திருத்தி வேறொரு மெய்நிகர் பலகை வழியாக விடுகிறது. அதனால் எக்ஸ், வேலண்ட், வெறும் முனையத் திரை மூன்றிலும் ஒரே நடத்தை. மூன்று இயங்குதளங்களுக்கும் ஒரே அமைப்புக் கோப்பு வேண்டும் என்கிறவர்கள் கனாட்டாவைப் பார்க்கலாம்.

கேப்ஸ் லாக்

நடுவரிசையில், இடது சுண்டுவிரலுக்கு ஒட்டியபடி, ஸ்பேஸுக்கு அடுத்து அகலமான விசைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது கேப்ஸ் லாக். அதை நாளுக்கு எத்தனை தடவை வேண்டுமென்றே அழுத்துகிறோம்? எப்போதும் அது அங்கே இருந்ததும் இல்லை. 1976இல் வந்த ஏடிஎம்-3ஏ என்ற கணினி முனையத்தில் (வேறொரு கணினியோடு இணைக்கும் திரையும் விசைப்பலகையும்) அந்த இடத்தில் இருந்தது கண்ட்ரோல். இன்று டேப் இருக்கும் இடத்தில் எஸ்கேப். அந்த முனையத்தில் பில் ஜாய் உருவாக்கிய விஐ என்ற உரைத்திருத்தியில் எஸ்கேப் அவ்வளவு வேலை செய்வதற்கு அந்த இடவசதிதான் காரணம். 1981ஆம் ஆண்டின் ஐபிஎம் பிசியிலும் ஆங்கில ‘ஏ’வுக்கு இடப்பக்கம் கண்ட்ரோல்தான், கேப்ஸ் லாக் கீழே வலப்பக்க மூலையில் கிடந்தது. 1980களின் நடுவில் வந்த 101 விசைப் பலகைதான் இன்றைய அமைப்பை நிலைநிறுத்தியது. ஆகவே இந்த மாற்றத்தைச் செய்கிறவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, பழைய வீட்டுக்குத் திரும்புகிறார்.

எனது பரிந்துரை: கேப்ஸைத் தட்டினால் எஸ்கேப், பிடித்தால் கண்ட்ரோல். கீடியில் இதற்கு இரண்டே பகுதி போதும். ஈடிசி கோப்புறைக்குள் கீடி, அதற்குள் டிஃபால்ட் டாட் கான்ஃப் என்ற கோப்பு. முதல் பகுதி ஐடிஸ். அதன்கீழ் நட்சத்திரக்குறி இட்டால் எல்லாப் பலகைகளுக்கும் பொருந்தும். இரண்டாம் பகுதி மெயின். அதில் கேப்ஸ்லாக் விசைக்கு ‘ஓவர்லோட்’ என்ற செயலைக் கொடுத்து, அடைப்புக்குறிக்குள் முதலில் கண்ட்ரோல், காற்புள்ளி, பிறகு எஸ்க். சேமித்துவிட்டு கீடி ரீலோட் கட்டளை கொடுத்தால் முடிந்தது. விசையின் சரியான பெயர் தெரியாவிட்டால் கீடி மானிட்டர் கட்டளையை ஓட்டி அந்த விசையை அழுத்துங்கள், பெயரைக் காட்டும். கராபைனரில் இதே வேலையைச் செய்யும் விதியின் பெயர் ‘டு இஃப் அலோன்’.

இந்த இரண்டும் காத்திருப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விசையை அழுத்திய கணமே கண்ட்ரோல் இறங்கிவிடுகிறது. இடையில் வேறெதையும் தொடாமல் கையை எடுத்தால் எஸ்கேப்பும் போகிறது. கண்ட்ரோலைத் தனியாக அழுத்தி விடுவதால் ஏறக்குறைய எந்த நிரலிலும் எதுவும் நடக்காது, அதனால் இது பொருந்துகிறது. இதே தந்திரத்தை ஆல்ட்டோடு செய்தால் விண்டோஸில் ஒவ்வொரு தட்டுக்கும் மெனு பட்டி விழித்துக்கொள்ளும். விண்டோஸ் விசையோடு செய்தால் தொடக்க மெனு எழும். இரட்டை வேலைக்கு எந்த மாடிஃபையரை, அதாவது ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் போல மற்ற விசைகளோடு சேர்த்துப் பிடிக்கும் விசையை, தேர்ந்தெடுப்பது என்பதில் இது முக்கியம்.

விஐயின் வழிவந்த விம் உரைத்திருத்தியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். எஸ்கேப்பைத் தட்டிய வேகத்தில், விரல் எழுவதற்குள் ‘ஜே’யை அழுத்திவிட்டால் அது கண்ட்ரோல்-ஜே ஆகிவிடும். கண்ட்ரோலை அதிகம் பயன்படுத்தாதவர், இரட்டை வேலையை விட்டுவிட்டு கேப்ஸை வெறும் எஸ்கேப்பாக வைத்துக்கொள்வதே மேல்.

பெரிய எழுத்துகளில் மாறிலிப் பெயர்கள் அடிக்க கேப்ஸ் லாக் வேண்டுமே என்பவர்களுக்கு: கியூஎம்கேயில் கேப்ஸ் வேர்டு என்ற வசதி இருக்கிறது. இயக்கினால் ஒரு சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து. அடிக்கோடு வந்தாலும் தொடரும், ஸ்பேஸ் தட்டியதும் தானாக அணையும். ஐந்து விநாடி சும்மா இருந்தாலும் அணைந்துவிடும். கேப்ஸ் லாக்கைவிட இது எவ்வளவோ மேல்.

கட்டைவிரலுக்கு வேலை

மேக்கில் கமாண்ட் விசை ஸ்பேஸுக்கு ஒட்டியே இருப்பதால் நகலெடுப்பதும் ஒட்டுவதும் கட்டைவிரலால் நடக்கின்றன. மற்றவர்கள் அதே சுகத்தை இடது ஆல்ட்டையும் இடது கண்ட்ரோலையும் இடம் மாற்றிப் பெறலாம். எக்ஸ்கேபியில் இதற்குத் தனி விருப்பமே உண்டு. விலை: சாளரம் மாற்றும் ஆல்ட்-டேப் மூலைக்குப் போய்விடும். கேப்ஸை ஏற்கெனவே கண்ட்ரோலாக்கிவிட்டவருக்கு இது தேவைப்படாது.

வலது ஆல்ட்டை பேக்ஸ்பேஸாக்குவது நல்ல மாற்றம். பேக்ஸ்பேஸ் வலது சுண்டுவிரலின் தூரத்து மூலையில் இருப்பதால், அதற்குப் போகும் ஒவ்வொரு முறையும் மொத்தக் கையும் இடம்பெயர்கிறது. ஆனால் முதலில், உங்கள் தளவமைப்புகளில் எதிலாவது வலது ஆல்ட் ஆல்ட்ஜிஆராக, அதாவது ஒரு விசையின் மூன்றாவது குறியை வரவைக்கும் விசையாக, பயன்படுகிறதா என்று பாருங்கள். பயன்படுகிறதென்றால் அந்த மூன்றாம் நிலைக் குறிகள் எல்லாம் போய்விடும். விண்டோஸில் ஆல்ட்ஜிஆர் என்பது இடது கண்ட்ரோலும் வலது ஆல்ட்டும் சேர்ந்தது. மென்பொருளால் அதை மாற்றும்போது அந்தப் பொய்க் கண்ட்ரோல் மட்டும் தங்கிவிட்டு, அடிக்கும் எழுத்தெல்லாம் குறுக்குவிசையாகப் போகும் கூத்தும் நடக்கும். இன்னொன்று: பேக்ஸ்பேஸை இரட்டை வேலை விசையாக்காதீர்கள். பிடித்தபடி அழிக்கும் வசதி போய்விடும், அதை இழந்த பிறகுதான் எவ்வளவு பயன்படுத்தினோம் என்று தெரியும்.

ஷிஃப்ட்டுக்கு எளிய வழி, ஒருமுறை ஷிஃப்ட். தட்டிவிட்டுக் கையை எடுத்தால் அடுத்த ஒரு விசைக்கு மட்டும் ஷிஃப்ட் பொருந்தும், பிடித்தால் வழக்கம்போல். கீடியில் ‘ஒன்ஷாட்’, கியூஎம்கேயில் ‘ஒன் ஷாட் மாடிஃபையர்’. எதையும் நிறுவ விருப்பமில்லாவிட்டால் விண்டோஸிலும் மேக்கிலும் அணுகல்தன்மைப் பகுதியில் ஸ்டிக்கி கீஸ் என்று இதையே வைத்திருக்கிறார்கள். ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் எரிச்சலூட்டும் அந்தப் பெட்டி வருமே, அதேதான்.

அம்புக்குறிகளை வீட்டுக்குக் கொண்டுவருதல்

எழுதியதைத் திருத்துகிறவருக்கு அதிக லாபம் தருவது வழிசெலுத்தும் லேயர். ஒரு விசையைப் பிடித்திருக்கும்போது மட்டும் வலக்கை விசைகள் அம்புக்குறிகளாகின்றன. ஜே இடம், எல் வலம், ஐ மேல், கே கீழ் என்று வைத்தால் விரல்களின் இயல்பான இடத்தோடு ஒத்துப்போகும். விம் பழகியவர் எச், ஜே, கே, எல் வரிசையிலேயே இருக்கட்டும். யூ ஹோம், ஓ எண்ட் என்று வைத்துக்கொண்டால் வரித் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் போகலாம். லேயரின் இடக்கைப் பக்கத்தில் ஷிஃப்ட்டையும் கண்ட்ரோலையும் வைக்க மறக்காதீர்கள். அவை இல்லாமல் சொல் சொல்லாகத் தாவவும் தேர்ந்தெடுக்கவும் முடியாது, லேயரே பாதிப் பயனாகிவிடும்.

லேயரை எந்த விசையில் வைப்பது? ஸ்பேஸைப் பிடித்தால் லேயர் என்ற யோசனை பிரபலம். காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஸ்பேஸ்தான் நாம் அதிகம் தட்டும் விசை. இரட்டை வேலை கொடுத்ததும் இடைவெளி, விசையை அழுத்தும்போது வராமல் விடும்போது வரும். திரையில் அது மெல்லிய இழுவையாகத் தெரியும். வேகமாக அடிக்கிறவர் ஸ்பேஸ் எழுவதற்குள் அடுத்த எழுத்தை அழுத்திவிடுவார், அங்கே எழுத்துக்குப் பதில் அம்புக்குறி. இடது ஆல்ட்டை முழு நேர லேயர் விசையாக ஒதுக்கிவிட்டு, ஆல்ட்டை வேறிடத்துக்கு அனுப்புவது அலுப்பில்லாத தீர்வு.

மலிவான மெம்பிரேன் பலகையில் இன்னொரு தடை உண்டு. டையோடு இல்லாத விசை அணியில் எந்த இரண்டு விசையையும் நம்பலாம். மூன்றாவது விசை சில சேர்க்கைகளில் பதியவே பதியாது. ஆல்ட், ஷிஃப்ட், கே மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் அம்புக்குறி நகரவில்லை என்றால் அமைப்புக் கோப்பில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். விசை சோதிக்கும் ஏதேனும் ஒரு நிரலில் அந்த மூன்றையும் அழுத்திப் பாருங்கள். அங்கேயும் பதியவில்லை என்றால் வேறு சேர்க்கையைத் தேர்வதுதான் வழி.

நடுவரிசை மாடிஃபையர்களும் 200 மில்லிவிநாடியும்

ஏ, எஸ், டி, எஃப் நான்கையும் தட்டினால் எழுத்து. பிடித்தால் முறையே விண்டோஸ், ஆல்ட், கண்ட்ரோல், ஷிஃப்ட். வலக்கையில் அதன் கண்ணாடிப் பிம்பம். சுண்டுவிரல் எங்கும் போக வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. பழகியவர்கள் இதை விட்டு வர மாட்டார்கள். ஆனால் கைவிடுகிறவர்களும் நிறைய. காரணம், நேரக் கணக்கு.

தட்டலா பிடிப்பா என்று தீர்மானிக்கும் கால எல்லை கியூஎம்கேயில் இயல்பாக 200 மில்லிவிநாடி. அதைக் குறைத்தால் மெதுவாகத் தட்டும் எழுத்துகள் மாடிஃபையராகிவிடும். கூட்டினால் கண்ட்ரோலுக்காகக் காத்திருக்க வேண்டும். எண்ணை மட்டும் திருகிக்கொண்டிருப்பவர்கள் எங்கும் போய்ச் சேர மாட்டார்கள், ஏனென்றால் சிக்கல் கால அளவில் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறும் விசைகளில் இருக்கிறது. வேகமாக அடிக்கும்போது ஒரு விசை எழும் முன்பே அடுத்தது இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் என்ன செய்வது என்று சொல்லும் விருப்பங்களைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

‘ஹோல்ட் ஆன் அதர் கீ பிரஸ்’ என்றால், இடையில் வேறு விசை இறங்கியதுமே பிடிப்பு என்று முடிவாகும். கேப்ஸ் லாக்குக்கும் கட்டைவிரல் விசைகளுக்கும் இது சரி. எழுத்து விசைகளில் வைத்தால் ஒரு வரிகூட ஒழுங்காக அடிக்க முடியாது. ‘பெர்மிசிவ் ஹோல்ட்’ என்றால் இடையில் வந்த விசை இறங்கி, எழுந்தும்விட்டால்தான் பிடிப்பு. எழுத்து விசைகளுக்கு இதுவே தொடக்கப் புள்ளி; இசட்எம்கேயில் இதற்கு நிகரானது ‘பேலன்ஸ்டு’. இதற்கு மேல் ‘கார்டல் ஹோல்ட்’: மாடிஃபையரும் அடுத்த விசையும் எதிரெதிர்க் கைகளில் இருந்தால்தான் பிடிப்பு, ஒரே கை என்றால் எழுத்து. கடைசியாக ‘ஃப்ளோ டேப்’: முந்தைய விசைக்குப் பின் குறிப்பிட்ட நேரத்துக்குள், 150 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அழுத்தப்பட்டது எதுவானாலும் எழுத்தே. வேகமாக அடிக்கும் நடுவில் யாரும் குறுக்குவிசை அழுத்துவதில்லை என்பது இதன் அனுமானம். கீடியில் ‘லெட்டர்மாட்’ இதே கருத்தில் இயங்குகிறது. லேயர், எழுத்து, ஓய்வு நேரம், பிடிப்பு நேரம் என்று நான்கு மதிப்புகள் கேட்கும்.

ஃப்ளோ டேப் ஓர் இடத்தில் கடிக்கும்: சொல்லின் நடுவில் பெரிய எழுத்து வேண்டுமென்றால் ஷிஃப்ட் விழாது. அதனால் நடுவரிசையில் ஷிஃப்ட் வைக்காமல், அதை ஒருமுறை ஷிஃப்ட்டாகக் கட்டைவிரலில் வைப்பது பல சிக்கல்களை ஒரே அடியில் தீர்க்கும். எழுத்தைப் பிடித்துத் தொடர்ச்சியாக வரவைக்கும் வசதியும் இந்த விசைகளில் போய்விடும். கியூஎம்கேயில் ஒரு தட்டு தட்டிவிட்டு உடனே மறுபடி பிடித்தால் தொடரும்.

தமிழ் தட்டச்சு இடையே வரும்போது

மேலே சொன்ன பெரும்பாலான அறிவுரைகள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து உருவானவை. தமிழ்99 தளவமைப்பில் அடிக்கிறவர் அப்படியே எடுத்துக்கொண்டால் சறுக்குவார். தமிழ்99இல் உயிர் இடக்கையில், வ, ங தவிர மெய் வலக்கையில். நடுவரிசையின் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந. எஃப் விசையில் இருக்கும் புள்ளி வராத வரி கிடையாது. அதன்மேல் ஷிஃப்ட்டை ஏற்றினால் புள்ளி மறைந்து, அடுத்து வரும் மெய் ஷிஃப்ட்டோடு போய்விடும். கார்டல் ஹோல்ட் இங்கே காப்பாற்றாது: புள்ளி இடக்கை, அடுத்த மெய் வலக்கை, எதிரெதிர்க் கை என்ற நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரே கையில் உருளும் எழுத்துகளைக் காக்கும் விதி, கை மாறி மாறி அடிக்கும் தமிழ்99இல் பயனற்றுப்போகிறது. காப்பது ஃப்ளோ டேப் மட்டும்தான். கிரந்த எழுத்துகளுக்கும் ஆய்தத்துக்கும் தவிரத் தமிழில் ஷிஃப்ட் அரிது என்பதால், எஃப்பை வெறும் எழுத்தாகவே விட்டுவிடுவது இன்னும் நல்லது.

காம்போக்களிலும் இதே கதை. இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் மூன்றாவது வேலை நடக்கும். கியூஎம்கேயில் அதற்கான இயல்பு இடைவெளி 50 மில்லிவிநாடி. ஜே, கே சேர்ந்தால் எஸ்கேப் என்பது எங்கும் காணும் பரிந்துரை, ஆங்கிலத்தில் அந்த இரண்டும் அடுத்தடுத்து வராது என்பதால். தமிழ்99இல் அவை ப, ம. ‘பம்பரம்’ என்று அடித்துப் பாருங்கள். அதற்குப் பதில் கியூவையும் டபிள்யூவையும் சேருங்கள். தமிழில் அவை ஆ, ஈ. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வருவதில்லை. ஆங்கிலத்திலும் குவெர்ட்டி என்ற பெயரை அடிக்கும்போது தவிர அந்தச் சேர்க்கை வராது. வேறு ஜோடி வேண்டுமென்றாலும் இடக்கை உயிர்களிலிருந்தே எடுங்கள். தமிழ்ப் பக்கம் பாதுகாப்பு உறுதி. ஆங்கிலத்தை மட்டும் சரிபார்த்தால் போதும்.

முன்பு சொன்ன விதிவிலக்குக்கு வருவோம். கோல்மாக்கை ஃபர்ம்வேரிலேயே அமைத்துவிட்டால், பலகை கோல்மாக் எழுத்துகளுக்கான எண்களைத்தான் எப்போதும் அனுப்பும். கணினி தமிழ்99க்கு மாறியதும் அந்த எண்களைப் பழைய குவெர்ட்டி இடங்களாக எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்கும். உங்கள் விரலுக்குத் தெரிந்த தமிழ்99 கலைந்துவிடும். எழுத்து மாற்றத்தை இயங்குதளத்தின் மொழித் தளவமைப்பாக வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. கோல்மாக் ஒரு மொழி, தமிழ்99 இன்னொரு மொழி. ஃபர்ம்வேரில்தான் வேண்டும் என்றால் மாற்றமில்லாத குவெர்ட்டி லேயர் ஒன்றையும் வைத்து, தமிழுக்கு மாறும்போது அதற்குத் தாவ ஒரு விசை ஒதுக்குங்கள். ஆங்கில ஒலிப்பில் அடித்துத் தமிழ் பெறுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கேப்ஸ், கண்ட்ரோல், அம்புக்குறி போன்ற எழுத்தல்லாத மாற்றங்களைக் கீழ்மட்டத்தில் செய்தால், எந்த மொழியில் இருந்தாலும் அவை மாறாமல் இருக்கும்.

கெட்டுப்போகும் இடங்கள்

தொலைநிலைக் கணினியிலும் மெய்நிகர் கணினியிலும் மாற்றம் இரண்டு முறை நடக்கலாம், இங்கே ஒரு முறை அங்கே ஒரு முறை. கேப்ஸைக் கண்ட்ரோலாக்குவது இரண்டு முறை நடந்தாலும் கண்ட்ரோலே. கேப்ஸையும் கண்ட்ரோலையும் பரிமாறிக்கொள்ளும் அமைப்போ இரண்டு முறை நடந்தால் பழையபடி கேப்ஸுக்கே திரும்பிவிடும். அதனால் பரிமாற்றத்தைவிட ஒருவழி மாற்றமே நல்லது.

மாடிஃபையர் ஒட்டிக்கொண்டது போல எல்லா எழுத்தும் குறுக்குவிசையாக நடந்தால், பெரும்பாலும் விசை எழுந்த செய்தி தொலைந்திருக்கும்; மென்பொருளால் மாற்றும்போது, பிடித்திருக்கும் நேரத்தில் அனுமதி கேட்கும் சாளரம் குறுக்கே வந்தால் இப்படி ஆகும். இடதும் வலதுமாக எல்லா மாடிஃபையர்களையும் ஒரு முறை தட்டினால் விடுபடும்.

மடிக்கணினியின் எஃப்என் விசையை மாற்ற முயன்று நேரம் போக்காதீர்கள். பெரும்பாலும் அது இயங்குதளத்துக்கு எந்த எண்ணையும் அனுப்புவதில்லை, பலகைக்குள்ளேயே முடிந்துபோகிறது. சில மடிக்கணினிகளின் பயாஸில் எஃப்என்னையும் கண்ட்ரோலையும் மாற்றும் விருப்பம் இருக்கும், அவ்வளவுதான். புதிய மடிக்கணினிகளில் வரும் கோபைலட் விசை வேறு மாதிரி: அது இடது ஷிஃப்ட், விண்டோஸ், எஃப்23 மூன்றையும் ஒன்றாக அனுப்புகிறது. ஒற்றை விசை மாற்றும் ஸ்கேன்கோட் மேப்புக்கு அது சிக்காது. சேர்க்கையைப் பிடிக்கும் கருவி வேண்டும்.

வட்டு மறைகுறியாக்கத்தின் கடவுச்சொல் கேட்கும் திரை, இயங்குதளம் எழும் முன்பே வருகிறது. ஃபர்ம்வேரில் செய்தது தவிர எந்த மாற்றமும் அங்கே இருக்காது. இடம் மாற்றிய விசைகளைச் சார்ந்து அந்தக் கடவுச்சொல்லை வைக்காதீர்கள். கீடியில் தவறான வரி ஒன்றைச் சேமித்து விசைப்பலகையே முடங்கிவிட்டால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், எண்டர் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். கீடி உடனே நின்றுவிடும், பலகை பழைய நிலைக்கு வரும். கோப்பைத் திருத்திவிட்டு சேவையை மறுபடி தொடங்கலாம்.